பருப்பு வேகாத தண்ணீர்

அத்தியாயம் 11

முந்தின நாள் மாலை, மீன் தொட்டிக்கு மேலே இருந்த கேமரா தானாகத் தலையைத் திருப்பியதை நசீம் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் உம்மா பயந்திருப்பாள். வாப்பா ஆளைக் கூப்பிட்டுக் கழற்றச் சொல்லியிருப்பார். நசீமுக்குப் பயமும் வரவில்லை, கழற்றவும் தோன்றவில்லை. ஷார்ஜாவில் இருந்துகொண்டே மீன்களைப் பார்ப்பதற்காக அவள் கணவன் ஜவஹர் அலி மாட்டிவிட்டுப் போன கேமரா அது. அங்கே அவன் போனில் விரலை நகர்த்தினால் இங்கே அது திரும்பும்.

ஜவஹர் இறந்து நாலு மாதம் பத்து நாள் ஆகிவிட்டது. அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். இப்போது கேமரா திரும்புகிறது என்றால் வேறு யாரோ திருப்புகிறார்கள். அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது. படுத்தாள். தூங்கியும் போனாள்.

இன்றோடு இத்தா முடிந்தது. கணவனை இழந்தவள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாட்கள் அவை. உம்மா மெஹர் பானு விடிந்ததுமே வெந்நீர் போட்டு மகளைக் குளிக்க வைத்தாள். கத்தரிப்பூ நிறப் புடவை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நசீம் கட்டிக்கொண்டாள். இடியாப்பம் கொண்டுவந்து வைத்தாள். நசீம் இரண்டைத் தின்றுவிட்டுக் கை கழுவினாள்.

தொட்டியைக் கொடுத்துவிடலாம் என்று மெஹர் பானு ஒரு வாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் காலையில் அதன் முன்னால் உட்கார்ந்தால் மத்தியானம் லுஹர் தொழுகைக்குத்தான் எழுந்திருக்கிறாள். பேசுவதில்லை. ஒரு நாள்கூட அழுததில்லை. அந்தத் தொட்டிதான் அவளைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது மெஹர் பானுவின் எண்ணம். நாகப்பட்டினத்தில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் அருள்ராஜ் என்பவரிடம் பேசி, இன்று வரச் சொல்லியிருந்தாள்.

நசீமிடம் கேட்டபோது, "சரிம்மா" என்றாள். எதைக் கேட்டாலும் அவள் சொன்னது அதைத்தான்.

ஆறு வருடத்துக்கு முன் ஜவஹர் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தான். அவர்கள் தெருவில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது வழக்கம். வந்த மறுநாளே மெஹர் பானு வீட்டுத் தண்ணீரைப் பற்றி அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். கடலோரத்து போர் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குழாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்துபோகும். சமையலுக்குக் கேன் தண்ணீர்தான்.

ஜவஹர் ஒரு தம்ளரில் அதைப் பிடித்து, ஏதோ ஒரு காகிதத் துண்டை முக்கி நிறம் பார்த்தான். ஆப்பிரிக்காவில் மலாவி என்று ஓர் ஏரி இருக்கிறது, அதன் தண்ணீர் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், இந்த வீட்டை விட்டால் சிக்லிட் மீன் வளர்க்க நல்ல இடம் கிடைக்காது என்றான். மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. தன் வீட்டுத் தண்ணீரை முதன்முதலாக ஒருத்தர் புகழ்ந்ததில் சந்தோஷம் மட்டும் பட்டாள்.

அடுத்த லீவில் ஆறடித் தொட்டி வந்தது. காரைக்காலில் கல்லுக்கு எங்கே போவது? புதுக்கோட்டைப் பக்கம் போய்க் காரில் ஏற்றிவந்து, கழுவி, பொந்தும் இடுக்குமாக அடுக்கினான். சென்னையிலிருந்து மீன்கள் வந்தன. எலுமிச்சை மஞ்சள், கருப்புப் பட்டை போட்ட நீலம், செங்கல் நிறம். ஒவ்வொன்றும் ஒரு கல்லைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வருவதை விரட்டும். நாள் பூராவும் சண்டை. ஜவஹர் அதை மணிக்கணக்கில் பார்ப்பான்.

பிறகு அவன் அங்கேயும் அவள் இங்கேயுமாகத் தொட்டியைப் பார்த்துக்கொண்டார்கள். வாரம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவது, பில்டர் பஞ்சை அலசுவது, தீனியை அளவாகப் போடுவது எல்லாம் நசீம் வேலை. அவன் இறந்த வாரத்தில்கூட அவள் தண்ணீர் மாற்றத் தவறவில்லை.

அருள்ராஜ் பதினோரு மணிக்கு வந்தார். தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இப்படி நிறம் தூக்கின மீன்களைக் கடைத் தொட்டியில் பார்க்க முடியாது என்றார். கல்லை எடுக்காமல் ஒரு மீனையும் பிடிக்க முடியாது, வலையைக் கண்டால் எல்லாம் பொந்துக்குள் போய்விடும் என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

நசீமின் வாப்பா சேக் அலாவுதீன் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு பேப்பரை விரித்தார். பக்கத்தைப் புரட்டவே இல்லை. நசீம் கோணியை விரித்துப்போட, அருள்ராஜ் ஒவ்வொரு கல்லாக எடுத்து அதில் வைத்தார். மேல் வரிசை போனதும் மீன்கள் சண்டையை விட்டுவிட்டன. விரட்ட இடமில்லை. எல்லாம் ஒரு மூலையில் போய் ஒன்றாக நின்றன. நீல மீன்கள் சாம்பல் நிறமாக வெளுத்தன.

நசீம் பார்த்துக்கொண்டிருந்தாள். வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

பாதிக் கற்கள் வெளியே வந்தபோது மேலே கேமரா அசைந்தது. மெதுவாகக் கீழே குனிந்து, கோணியில் கிடந்த கற்களைப் பார்த்தது. இந்த முறை எல்லோருமே கண்டார்கள். மெஹர் பானு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கேமராவுக்குள்ளிருந்து கரகரத்த ஓர் ஆண் குரல் வந்தது.

"பாய், மீனைக் குடுத்துடாதீங்க. நான் வாசல்லதான் நிக்கிறேன்."

சேக் அலாவுதீன் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். நாற்பது வயதிருக்கும் ஓர் ஆள் படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். ஒரு கையில் துணிப்பை. மறு கையில் ஓரம் விரிசல் விட்ட போன். அது ஜவஹரின் பழைய போன் என்பது நசீமுக்கு உள்ளிருந்தே தெரிந்தது.

வந்தவர் தன் பெயர் தியாகராசன் என்றார். ஊர் சுரக்குடி. ஷார்ஜாவில் ஜவஹரோடு ஆறு வருடம் ஒரே அறையில் இருந்தவர். சேக் அலாவுதீனுக்கு அந்தப் பெயர் தெரியும். ஜவஹர் இறந்தபோது அங்கே அலைந்து காகித வேலையெல்லாம் பார்த்துக் கொடுத்தது இந்த ஆள்தான். லீவில் வந்து இரண்டு நாள் ஆகிறதாம். காலை பஸ்ஸில் வந்து, ஒரு மணி நேரமாகத் தெருவில் நின்றுகொண்டிருந்தாராம்.

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். அவர் குடிக்கவில்லை. போனை மேசைமேல் வைத்தார். சாமான்களையெல்லாம் கட்டி அனுப்பிய பிறகுதான் அது கட்டிலுக்குப் பின்னால் சார்ஜில் கிடந்தது தெரிந்ததாம். எடுத்தபோது இந்தக் கேமரா திறந்தபடியே இருந்ததாம். தினமும் வேலை முடிந்து வந்து ஜவஹரும் அவரும் சேர்ந்து மீன் பார்ப்பது பழக்கம். அந்தப் பழக்கத்தில் பார்த்தாராம். நேற்று சுரக்குடி வீட்டிலிருந்து பார்த்தபோது கை தவறி விரல் பட்டுவிட்டதாம்.

சேக் அலாவுதீன் எத்தனை நாளாக என்று கேட்டார்.

"அவரு போன மூணாம் நாள்லேருந்து பாய்."

பெரியவரின் குரல் உயரவில்லை.

"எம் மவ இத்தாவுல இருந்தா தம்பி. அவ மாமன் மவன் வந்தாக்கூட வாசலோட பேசி அனுப்பினோம். நீங்க தெனமும் கூடத்துக்குள்ள இருந்திருக்கீங்க."

தியாகராசன் தலையைக் குனிந்துகொண்டார். அருள்ராஜ் கையில் வலையோடு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

நசீம் சமையற்கட்டு வாசலிலிருந்து இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"நீங்க மீனைப் பாத்தீங்களா, என்னைப் பாத்தீங்களா?"

நாலு மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அது. மெஹர் பானு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"மீனைப் பாக்கத்தான் தொறப்பேன் தங்கச்சி. நீங்க வந்து உக்காந்தா மூடிடணும்னு நெனைப்பேன். மூட மாட்டேன். நீங்க தீனி போட்டுட்டு எந்திரிச்சு உள்ள போற வரைக்கும் பாப்பேன். போயிட்டா, இன்னைக்கு நல்லாத்தான் இருக்காங்கன்னு ஒரு நிம்மதி."

"நான் நல்லா இருந்தா உங்களுக்கு என்ன?"

அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றார் அவர். பிறகு சொன்னார்.

அன்று இரவு வேலையிலிருந்து வந்ததும் ஜவஹர் நெஞ்சு எரிகிறது என்றான். இடது தோளில் வலி என்றும் சொன்னான். மத்தியானம் பிரியாணி தின்றது, வாயுவாக இருக்கும் என்று சொன்னது தியாகராசன். சோடா வாங்கிவந்து எலுமிச்சை பிழிந்து கொடுத்ததும் அவர்தான். குடித்துவிட்டுக் கொஞ்சம் தேவலை என்றான் ஜவஹர். அடுத்த அறையில் கார் வைத்திருக்கிற ஆள் இருந்தார். எழுப்பியிருக்கலாம். இரண்டு மணி நேரம் கழித்து, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டிய பிறகுதான் எழுப்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

"அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாது. யாரையும் கேக்கவும் இல்லை. ஒரு சோடாவைக் குடுத்து நான் ரெண்டு மணி நேரத்தை ஓட்டிட்டேன் தங்கச்சி."

மெஹர் பானு சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். சேக் அலாவுதீன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நசீம் தனக்குள் கோபத்தைத் தேடினாள். வைத்த இடத்தில் ஒரு பொருளைத் தேடுவது மாதிரி தேடினாள். இல்லை. எதிரில் இருந்த ஆளின் சட்டையில் இஸ்திரி மடிப்பு நேராக இருந்தது. அது மட்டும்தான் கண்ணில் பட்டது.

"அந்த ரெண்டு மணி நேரமும் அவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"படுத்துக்கிட்டுப் போனைப் பாத்துட்டிருந்தாரு. இந்த போன்தான். இந்தக் கேமராதான்."

"என்ன தெரிஞ்சுது?"

தியாகராசன் தயங்கினார். "ஒண்ணும் தெரியலை. இருட்டா இருந்துச்சு."

இருட்டாகத்தான் இருந்திருக்கும். துணியைப் போட்டு மூடியது நசீம்.

அன்று ஜவஹர் போன் செய்து லீவு இரண்டு மாதம் தள்ளிப்போய்விட்டது என்றான். அவள் பதில் சொல்வதற்குள், மஞ்சள் மீன் வாயில் முட்டை வைத்திருக்கிறது பார்த்தாயா, தாடை உப்பியிருக்கிறது, இருபது நாள் அது தின்னாது, தண்ணீரைக் கலக்கிவிடாதே என்றான். லீவு இல்லை என்று சொன்ன வாயால் அடுத்த பேச்சே மீன் பேச்சா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீனோடேயே பேசிக்கொள்ளுங்கள் என்று போனை வைத்தாள். மறுபடி மூன்று தடவை அடித்தது. எடுக்கவில்லை. கேமரா அவள் பக்கம் திரும்பியது. தோளில் கிடந்த துப்பட்டாவை எடுத்து அதன்மேல் போட்டு, நாலு பக்கமும் இழுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். விடியுமுன் செய்தி வந்தது. கூட்டம் கூடுவதற்கு முன் துப்பட்டாவை எடுத்து மடித்து பீரோவில் வைத்துவிட்டாள். உம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

இப்போது சொன்னாள். இரண்டே வரியில், கணக்குப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

"கடைசியா அவங்க என் முகத்தைப் பாக்கத்தான் தொறந்திருப்பாங்க. நான் துணியைப் போட்டுட்டேன்."

தியாகராசன் நிமிர்ந்தார்.

"அது அவருக்குத் தெரியும் தங்கச்சி. நீங்க துணியைத் தூக்கிட்டு வந்ததைப் பாத்தாரு. பாத்துட்டுச் சிரிச்சாரு."

நசீம் மேசைமேல் இருந்த போனைப் பார்த்தாள்.

"எங்கிட்ட காட்டினாரு. 'கோவம் வந்தா இவ பேச மாட்டாண்ணே, மூடிப் போட்டுடுவா. காலையில ஃபஜர் தொழுதுட்டு அவளே வந்து எடுத்துடுவா. மொத ஆளா நான் பாக்கணும்'னாரு. அதுக்குத்தான் அதை மூடாமலே வச்சிருந்தாரு. இருட்டுன்னு அவருக்குத் தோணவே இல்லை. காலையில வெளிச்சம் வரும்னு காத்துக்கிட்டிருந்தாரு."

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள் நசீம்.

அவர் சொன்னார். ஒரு வார்த்தை மாறவில்லை. இந்த நாலு மாதத்தில் தனக்குத் தானே பல முறை சொல்லிப் பார்த்திருப்பார் போலிருந்தது.

எல்லோரும் அவள் அழுவாள் என்று காத்திருந்தார்கள். மெஹர் பானு எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். அழுகை வரவில்லை. கோணியில் கிடந்த ஈரக் கல்லின்மேல் நசீம் உட்கார்ந்தாள். புடவை நனைந்தது. சற்று நேரம் கழித்து, "பசிக்குதும்மா" என்றாள்.

மெஹர் பானு சமையற்கட்டுக்கு ஓடினாள். அழுதது அவள்தான்.

அருள்ராஜ் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

"கல்லைத் திரும்ப வச்சிடுங்க. இன்னைக்குக் குடுக்கலை" என்றாள் நசீம்.

உள்ளிருந்து எட்டிப் பார்த்து மெஹர் பானு ஏதோ சொல்ல வந்தாள். சேக் அலாவுதீன் கையைக் காட்டி நிறுத்தினார். எந்தக் கல் எந்த இடத்தில் இருந்தது என்று அருள்ராஜுக்கு நினைவில்லை. நசீமுக்கும் சொல்லத் தெரியவில்லை. தியாகராசனுக்குத் தெரிந்திருந்தது. தட்டையானது இடது மூலைக்கு, அதன்மேல் ஓட்டை உள்ளது என்று உட்கார்ந்தபடியே சொன்னார். குஞ்சுகள் எட்டு, எண்ணிக்கொள்ளுங்கள் என்றார். நசீம் ஏழு என்றாள். ஒன்று பில்டருக்குப் பின்னாலேயே கிடக்கும், உங்கள் பக்கத்திலிருந்து தெரியாது, கேமராவுக்குத் தெரியும் என்றார். அருள்ராஜ் குனிந்து பார்த்து எட்டுதான் என்றார். ஜவஹர் சொன்ன அந்த மஞ்சள் மீனின் குஞ்சுகள். அவன் அடக்கமாகிப் பதினெட்டாம் நாள் வாயிலிருந்து வெளியே வந்தவை.

சேக் அலாவுதீன் கொஞ்ச நேரம் பார்த்திருந்தார். பிறகு தியாகராசனிடம், "கையைக் கழுவிட்டு வாங்க தம்பி. நீங்களே வச்சுக் குடுங்க" என்றார்.

ஒரு மணிக்கெல்லாம் தொட்டி பழையபடி ஆனது. மீன்கள் உடனே கல்லைப் பிடிக்கவில்லை. ஏதோ புது ஊருக்கு வந்த மாதிரி சுற்றின. அருள்ராஜ் விளக்கை அணைத்து வைக்கச் சொல்லிவிட்டு, வெறும் வாளிகளோடு கிளம்பினார்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தியாகராசன் அடுத்ததைச் சொன்னார். இங்கிருந்து தலத்தெருவுக்குப் போக வேண்டும், ஜவஹரின் உம்மாவிடமும் சொல்ல வேண்டும் என்றார்.

சேக் அலாவுதீனின் கை சோற்றிலேயே நின்றது. ஜவஹரின் உம்மா சித்திக்கா அங்கே தனியாக இருக்கிறாள். ஒரே மகன். தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது, வலியே தெரியாது என்று அன்றைக்கு அவளிடம் சொன்னது சேக் அலாவுதீன்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடுகிறாள். வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறாள். அதை ஏன் பிடுங்க வேண்டும் என்று கேட்டார். அவன் சிரித்ததை மட்டும் சொல்லுங்கள், சோடாவை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

"அதை மட்டும் சொன்னா அதுவும் பொய்யாயிடும் பாய். அப்புறம் நான் எந்த மூஞ்சியோட திரும்பிப் போவேன்?"

நசீம் மூன்றாவது முறை சோறு போட்டுக்கொண்டாள். தின்று முடித்து, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நானும் வரேன் வாப்பா."

"நீ எதுக்கும்மா?"

"நான் துணியைப் போட்டதையும் மாமி தெரிஞ்சுக்கணும்ல."

இத்தா முடிந்து முதன்முதலாக வெளியே போகிறவள் தர்காவுக்கோ பெரியம்மா வீட்டுக்கோ போகட்டும் என்றாள் மெஹர் பானு. நசீம் அதற்குள் புர்காவை மாட்டிக்கொண்டிருந்தாள். சேக் அலாவுதீன் ஆட்டோவைக் கூப்பிட்டார். மூன்று பேரும் ஏறினார்கள். தியாகராசன் டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டார். வெயில் நசீமின் கண்ணைக் கூசவைத்தது. கடைத்தெருவும் பஸ்ஸும் ஜனங்களும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடுகிற மாதிரி இருந்தது. யார் மீதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வயிறு மட்டும் நிறைந்திருந்தது.

சித்திக்கா கதவைத் திறந்தாள். மருமகளைக் கண்டதும் இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஃபேனைப் போட்டாள். வாப்பாவுக்கு நாற்காலியை இழுத்துவிட்டாள். அப்புறம்தான் வாசலிலேயே நின்றுவிட்ட ஆளைப் பார்த்தாள். ஷார்ஜாவிலிருந்து வந்திருக்கிறார் என்று சேக் அலாவுதீன் சொன்னார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வாங்க தம்பி, வாங்க. எம் மவனோட இருந்தவங்களா? அவன் தூக்கத்துலயே போயிட்டான் பாத்தீங்களா. ஒரு வலி இல்லை, ஒண்ணும் இல்லை. அல்லாஹ் அந்த ஒரு கருணையை எனக்குச் செஞ்சுட்டான்."

தியாகராசன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் போய்விடலாமா என்கிற மாதிரி சேக் அலாவுதீனைப் பார்த்தார். பெரியவர் வேறெங்கோ பார்த்தார்.

நசீம் மாமியாரின் பக்கத்தில் போய், அவள் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார வைத்தாள்.

"இவங்க தியாகராசன் அண்ணன், மாமி. அன்னைக்கு அவங்க முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. என்ன நடந்துச்சுன்னு இவங்க சொல்லுவாங்க. அப்புறம் நான் ஒண்ணு சொல்லணும்."

சித்திக்காவின் கை அவள் கைக்குள் அசையாமல் இருந்தது. அதை அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"சொல்லுங்க அண்ணே" என்றாள் நசீம்.